காலி செய்த இடம்

தாணுமூர்த்தி அண்ணன் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். இரும்பு ஏணியில் அவருடைய பூட்ஸ் படும் சத்தம் முதலில் என் தலைக்கு நேர் மேலே கேட்டது, பிறகு கொஞ்சம் விலகி, இப்போது யாரோ வேறு ஒரு கோபுரத்தில் ஏறுவது போலக் கேட்கிறது. நான் காற்றாலைக் கோபுரத்துக்குள், அடியில், கண்ட்ரோல் பெட்டிக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் லேப்டாப். அதிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர். இன்று மத்தியானம் நான் திருத்தி முடித்த கெர்னல், அதாவது இந்தப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் அடிவேர் போன்ற மென்பொருள், அந்த வயர் வழியாக இறங்கி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் கர்சர் சிமிட்டுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கும் இதே சிமிட்டல்தான், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கும் இதே சிமிட்டல்தான். கணவாய்க்குள் புகுந்து வரும் ஆடிக் காற்று கோபுரத்தின் மேல் மோதும்போது உள்ளே ஒரு உறுமல் கேட்கிறது. அதை முதல் நாள் கேட்டபோது ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து அணைக்கச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். "அது காத்து மேடம். அத அணைக்க இன்னும் சுவிட்ச் கண்டுபிடிக்கல." அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஏணிச் சத்தம் நின்றுவிட்டது. நடுத்தட்டில் மூச்சு வாங்க நிற்கிறாராக இருக்கும். நின்றுதான் போவார்கள், எல்லோரும் நிற்பார்கள், செல்வினும் நின்றிருப்பார். ஏன் செல்வினை நினைக்கிறேன். நினைக்கத்தான் இங்கே அனுப்பினார்கள். இல்லை, நினைக்க அனுப்பவில்லை, சரிசெய்ய அனுப்பினார்கள். சரிசெய்தாயிற்று. மீண்டும் சத்தம், ஏறுகிறார்.

போன மாதம் அண்ணனோடு வேலை பார்த்த டெக்னீஷியன் செல்வின் இதே ஏணியில் ஏறி இறங்காமல் போனார். மேலே, இயந்திரங்கள் இருக்கும் உச்சிக் கூண்டுக்குள், கியர் பாக்ஸில் ஃபில்டர் மாற்றப் போனவர். வேலையைத் தொடங்கும் முன் இறக்கைகளை நிறுத்தி, சுழலும் தண்டில் லாக் பின்னைச் செருக வேண்டும், என் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கட்டை. அதைச் செருகிவிட்டால் புயலே வந்தாலும் தண்டு திரும்பாது. செருகும் வரை பிரேக்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தண்டு திரும்பி அவரை இழுத்துவிட்டது. விசாரணையில், பின் தரையில் கிடந்தது, ஆகவே அவர் பின் போடாமல் வேலையில் இறங்கிவிட்டார், கவனக்குறைவு, என்று எழுதி மூடிவிட்டார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இங்கே உள்சுவரில் மார்க்கரால் எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் எழுதுவார்களாம், 'ஆயில் டாப்அப், செல்வின்', 'பிரஷ் மாற்றியது, செல்வின்'. ல் எழுத்தின் கடைசிச் சுழியை மேலே தூக்கி, புள்ளியை அதற்குள்ளேயே வைக்கிறார். அவசரக்காரனின் எழுத்து இல்லை. இதையெல்லாம் நான் ஏன் பார்க்கிறேன், எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா. மூன்று நாளாக இந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், பார்க்காமல் என்ன செய்வது. இங்கே வந்தபோது பின் போடாத ஆள் என்றுதான் நானும் அவரை மனதில் வைத்திருந்தேன். கோயம்புத்தூரில், இந்தப் பெட்டியைச் செய்யும் எங்கள் கம்பெனியில், என் மேலாளர் ரகுராமன் சார் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். "அங்க ரெண்டு மூணு தடவ கண்ட்ரோலர் தானா ரீஸ்டார்ட் ஆயிருக்காம், அந்த ஆக்ஸிடென்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க." சம்பந்தமில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். அப்போது எனக்கு அது உறுத்தவில்லை. அல்லது உறுத்தி, ரயிலில் தூங்கிவிட்டேன்.

பத்து வரிகூட இல்லாத ஒரு பங்க்ஷன், கெர்னலுக்குள் ஒரே ஒரு வேலைக்கென்று எழுதிய சின்னத் துண்டு. பிரேக் லைன் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கெர்னல் என்பது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேலைகளின் மூட்டை. ஒவ்வொன்றுக்கும் மெமரியில் ஓர் இடம் கொடுத்து ஒன்றாகக் கோர்ப்பது லிங்கர் என்கிற புரோகிராம். இது இந்தச் செக்‌ஷனில் உட்காரட்டும், அது அந்தச் செக்‌ஷனில் என்று நாம் எழுதிக் கொடுப்போம், அது அப்படியே வைக்கும். கேள்வி கேட்காது. அதில் ஒரு செக்‌ஷன் பெட்டி கண் விழிக்கும் நேரத்துக்கு மட்டும். விழித்து முடித்ததும் அந்த இடம் முழுவதையும் கெர்னல் காலி செய்து, கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடும். சின்னப் பெட்டி, மெமரி குறைவு, வீணாக்க முடியாது. இந்தப் பங்க்ஷன் விழிக்கும்போது மட்டும்தான் வேண்டும் என்று யாரோ எப்போதோ நினைத்து, அந்தச் செக்‌ஷனின் அடையாளத்தை அதன் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு வேறு யாரோ, மேலே கூண்டில் இறக்கைகளை நிறுத்திப் பிரேக் பிடிக்க வைக்கும் சர்வீஸ் சுவிட்சைப் போடும்போதும் அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய கம்பைலர், நாங்கள் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் புரோகிராம், அதைக் கூப்பிட்ட இடத்திலேயே கரைத்துச் சேர்த்துவிட்டதால் ஒரு குறையும் வரவில்லை. சித்திரையில் புதுக் கம்பைலருக்கு மாறினார்கள். அது கரைக்காமல் தனியாக விட்டது. லிங்கர் தலையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, காலி செய்யப்போகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தது. எச்சரிக்கை வராமலும் இல்லை. துண்டுகளைக் கோர்த்துக் கெர்னலைக் கட்டும்போது வரும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவில் ஒரு வரி, இங்கிருந்து அங்கே கூப்பிடுகிறாய், அது நிலைக்காத இடம், என்று. கட்டுவது நிற்கவில்லை, அதனால் யாரும் நிற்கவில்லை. எங்கள் சோதனை மேஜையில் எத்தனை முறை சுவிட்சைப் போட்டாலும் வேலை செய்தது. ஏனென்றால் காலி செய்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்காரும் வரை பழைய எழுத்து அப்படியேதான் கிடக்கும்.

அம்மாவுக்கு மறதி தொடங்கிய வருடம், நாங்கள் கருங்கல்பாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெருந்துறை ரோட்டுக்கு வந்தோம். அம்மா மத்தியானங்களில் காணாமல் போவாள். தேடிப் போனால் பழைய வீட்டுக்குள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் பூட்டை மாற்றவில்லை, அம்மாவிடம் பழைய சாவி ஒன்று இருந்தது. காலியான வீடு, அதே சுவர், அதே அடுப்புத் திண்டு, அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்படிப் பல நாள். கேட்டால், "என்ற வீட்டுக்குப் போறதுக்கு யாரக் கேக்கோணும்" என்பாள். ஒருநாள் அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டது. அம்மா சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறாள், உள்ளேயிருந்து ஓர் ஆள் கதவை வெடுக்கென்று திறந்து, திருட வந்தவள் என்று நினைத்துப் பிடித்துத் தள்ளிவிட்டான். படியில் விழுந்து இடுப்பு உடைந்தது. அதோடு படுக்கை. அவனைக் குற்றம் சொல்ல முடியுமா, அவன் வீடு. அம்மாவைச் சொல்ல முடியுமா. இன்று காலை ஒன்பதரை மணிக்கு, கர்சர் நின்ற வரியைப் பார்த்தபோது, பழைய சாவி திருகும் சத்தம் காதில் கேட்டது. சும்மா சொல்லவில்லை, கேட்டது. பங்க்ஷனைக் கூப்பிட்ட கெர்னல் அந்த முகவரிக்குப் போகிறது. அங்கே இப்போது காற்றின் வேகத்தைச் சேர்த்து வைக்கும் எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. எண்களைக் கட்டளை என்று நினைத்து ஓட்டப் பார்த்துக் கெர்னல் செத்துப்போகிறது. செத்ததைக் கண்டுபிடித்து ஒரு காவல் சில்லு பெட்டியை மறுபடி எழுப்புகிறது. எழும்பும்போது, பழைய மாடல் இல்லையா, இதில் பிரேக் தானாகப் பிடிக்காது, பெட்டி பிடி பிடி என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், எழும்பும்போது சொல்ல ஆள் இல்லாமல் பிரேக் கையை விடுகிறது. மேலே யாரும் இல்லாதபோது நானே அந்த இடத்தை வேண்டுமென்று வேறு எண்களால் நிரப்பிவிட்டு, இங்கே கீழிருந்து அதே பங்க்ஷனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெட்டி செத்தது, எழுந்தது. வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தேன். நின்றிருந்த இறக்கை மெல்ல, யாரோ தூக்கத்தில் புரளுவது போல, நகரத் தொடங்கியது. 

அடையாளத்தை எடுத்துவிட்டேன். பங்க்ஷனை நிரந்தரமான செக்‌ஷனுக்கு மாற்றினேன். லிங்கர் மறுத்துவிட்டது. அந்தச் செக்‌ஷன் தன் எல்லையைத் தாண்டி அடுத்ததன் மேல் ஏறுகிறது என்றது. எல்லையை நகர்த்தினேன். எல்லையை நகர்த்தினால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நகரும். எல்லாம் நகர்ந்த பிறகும் எல்லாம் தன் இடத்தில்தான் இருக்கிறதா என்று முகவரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த வகை எச்சரிக்கை ஒன்று வந்தாலும் கட்டுவதையே நிறுத்து என்று மாற்றினேன். உடனே வேறு இரண்டு இடத்தில் நின்றது, இரண்டும் பிரேக் சம்பந்தப்பட்டது இல்லை, ஆனாலும் அவற்றையும் மாற்றினேன். இன்னும் எங்காவது ஒன்று இருக்குமோ. இருக்காது. பார்த்தேன். பார்த்ததில் விட்டிருப்பேனோ. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவள் மூக்குத்தியைக் கழற்றி எங்கோ பத்திரமாக வைத்தேன், இன்றுவரை கிடைக்கவில்லை. அது எதற்கு இப்போது. கீழிருந்து சோதித்ததில் புதுக் கெர்னல் தாண்டிவிட்டது. மேலே கூண்டில் உள்ள சுவிட்ச் மட்டும் வேறு வழியாக உள்ளே வருகிறது, அதைக் கீழிருந்து போட முடியாது, ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். "நான் ஏறுறேன்" என்றேன். சைட் ஆபீஸில் விடவில்லை. ஏறும் சான்று இல்லாதவர் ஏறக் கூடாது. தாணு அண்ணன் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "என்ன மேடம், சாதாரண அப்டேட்டுதானே" என்றார். நான் ஆமாம் என்றேன்.

ஆமாம் என்றேன். ஏனென்றால் அதற்கு அரை மணி முன்னால் ரகுராமன் சாரிடம் போனில் சரிங்க சார் என்றிருந்தேன். காரணத்தை அவரிடம் சொன்னேன். மெதுவாக, கோபமே இல்லாமல், "தாட்சாயணி, நல்லாக் கண்டுபுடிச்சிருக்கீங்க" என்றார். "ரிப்போர்ட்ல ஸ்டெபிலிட்டி இம்ப்ரூவ்மெண்ட்னு போட்டுருங்க. போதும்." நான், சார் அந்த ஆக்ஸிடென்ட், என்றேன். "அது என்கொயரி முடிஞ்சு க்ளோஸ் ஆயிருச்சுங்க. நாம திறந்தோம்னா இந்தியா பூரா நம்ம பெட்டி இருக்கிற அத்தன சைட்டும் கேக்கும். நம்ம பசங்க அம்பது பேர் இருக்காங்க, யோசிச்சுப் பாருங்க. அங்க டெக்னீஷியனுங்க கிட்டயும் ஒண்ணும் பேச வேண்டாம். எல்லாப் பெட்டிக்கும் சத்தமில்லாம புதுசு ஏத்திரலாம், இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதுதானுங்களே முக்கியம்." அவர் கெட்டவர் இல்லை. என் அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர். சரிங்க சார் என்றேன். அந்தச் சரிங்க சார் எத்தனை சுலபமாக வந்தது. தொண்டையில் தயாராக உட்கார்ந்திருந்தது போல. இனிமேல் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனவர் ஒருவர் இருக்கிறார், அவர் கணக்கில் இல்லை. அவர் மனைவி இருக்கிறாள்.

அஜிதா. இன்று காலை சைட் கேட்டில் என் ஆட்டோவை மறித்து நின்றாள். பச்சைச் சுடிதார், கையில் டிபன் பை, எங்கோ வேலைக்குப் போகிற வழி போல. அழவில்லை. "நீங்கதான் கோயம்புத்தூர் கம்பெனியாளா?" என்றாள். ஆமாங்க என்றேன். "எனக்க வீட்டுக்காரரு செல்வின். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பெட்டிக்குள்ள எல்லாம் பதிஞ்சிருக்கும்னு சொல்லுதாவ. அவிய பின்னு போடாமத்தான் வேலைக்கு இறங்குனாவளா?" எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். "வீட்டுல கேஸ் அடுப்ப அணைச்சியான்னு மூணு மட்டம் கேப்பாவ. அந்த மனுசன் எப்படி மறந்தாவன்னு எனக்குப் பிடிபடவே இல்ல" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். ஆட்டோக்காரர், பாவம், ஒரு மாசமா வாற போறவங்க எல்லார்ட்டயும் கேக்குது, என்றார்.

ஏணிச் சத்தம் முற்றிலும் நின்றுவிட்டது. இரும்பு மூடி திறக்கும் ஒலி மேலிருந்து கிணற்றுக்குள் விழுவது போல விழுந்து வருகிறது. கூண்டுக்குப் போய்விட்டார். வாக்கி டாக்கியில் மற்ற கோபுரங்களின் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ டீ வந்தாச்சா என்கிறார், இன்னொருவர் பன்னெண்டாம் நம்பரில் கிரீஸ் தீர்ந்துவிட்டது என்கிறார். இந்தப் பகுதி முழுக்க ஒரே சேனல், ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும், சைட் ஆபீஸுக்கும் கேட்கும். "மேடம், வந்துட்டேன்" என்கிறது தாணு அண்ணன் குரல், மூச்சிரைப்போடு. நான் பொத்தானை அழுத்தி, "அண்ணா, சுவிட்ச் மட்டும் போடுங்க. தண்டுகிட்டப் போகாதீங்க. பின்னத் தொடாதீங்க" என்கிறேன். கொஞ்சம் இரைச்சல். "பின்னு போடாம சுவிட்ச் போட்டு என்ன பிரயோஜனம்? சர்வீஸ்னா பின்னு போடணும்லா. அதையும் சேத்துப் பாத்துட்டு வாறேன்." வேண்டாம் என்கிறேன். "என்னத்துக்கு வேண்டாங்கிய?" என்கிறார். என்னத்துக்கு. நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கிறேன். திரையில் கர்சர். விபத்துக்குப் பிறகு செல்வினைக் கூண்டில் முதலில் பார்த்தவர் இந்த அண்ணன்தான். பின் தரையில் கிடந்தது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். முதல் நாள் என்னிடம் சொன்னார், "பத்து வருசப் பழக்கம் மேடம். ஆனா அவன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல. ஒரு பின்னு. ஒரு பின்னப் போட்டுருந்தா என்ன." அந்த ஆத்திரத்தோடுதான் இப்போது அதே இடத்தில் நிற்கிறார், அதே இரும்புக் கட்டையைக் கையில் எடுத்திருப்பார், அது இருபது கிலோ இருக்கும், இரண்டு கையாலும் தூக்கித் துளைக்கு நேராகப் பிடித்து, முகத்தைத் தண்டுக்குக் கிட்டே கொண்டுபோய். புதுக் கெர்னல் சரியாகத்தான் இருக்கிறது. நான் பார்த்தேன். மூக்குத்தியையும் பத்திரமாகத்தான் வைத்தேன். அவர் எதை நம்பி அங்கே நிற்கிறார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான் கீழே வாளியில் உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் மட்டும் போனில் சொல்லலாம் என்றால் மேலே சிக்னல் கிடைக்காது. இறங்கி வரச் சொல்லிச் சொல்லலாம். என்ன காரணம் சொல்லி இறக்குவது, இறங்கி வருவதற்குள் நான் மறுபடி சரிங்க சார் ஆகிவிட மாட்டேனா. என்னை எனக்குத் தெரியும்.

"மேடம், கேக்குதா? சுவிட்ச் போடப் போறேன்."

"போடாதீங்க" என்று கத்திவிட்டேன். கோபுரச் சுவர் அதைத் திருப்பிக் கத்தியது. "அண்ணா, நான் சொல்றதக் கேளுங்க. இது சாதாரண அப்டேட் இல்ல. பழைய சாஃப்ட்வேர்ல தப்பு இருந்துச்சு. எங்க தப்பு. சர்வீஸ் சுவிட்ச் போட்டா சில சமயம் பெட்டி செத்து ரீஸ்டார்ட் ஆகும், அப்போ பிரேக் விட்டுரும். காலைல நானே செஞ்சு பாத்தேன், என் கண்ணு முன்னால இறக்க திரும்புச்சு. செல்வின் பின் போடாமப் போகல. பின்னப் போடறதுக்குள்ள பிரேக் விட்டிருக்குது." விரல் பொத்தானில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. இன்னும் ஏதோ சொன்னேன், புதுசில் திருத்தியாயிற்று, கீழே சோதித்தாயிற்று, ஆனாலும் நீங்கள் தெரிந்துகொண்டு போட வேண்டும், வேண்டாம் என்றால் இறங்கி வாருங்கள். பொத்தானை விட்டேன். டீ கேட்டவரும் கிரீஸ் கேட்டவரும் அடங்கிவிட்டார்கள். முழுச் சேனலும் வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் எத்தனை பேர் வாக்கி டாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். சைட் ஆபீஸ் குரல் ஒன்று, "யாரு, யாரு பேசுறது அது?" என்றது. மேலே ஏதோ இரும்பு தட்டுப்பட்டது. பிறகு அண்ணன் குரல், என்னிடம் பேசுவது போல இல்லை. "அப்போ பின்னு அவன் கையிலதான் இருந்துருக்கும்." இரைச்சல். "கையில இருந்துதான் கீழ விழுந்துருக்கும். நான் தரையில கிடந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுத்தேன்."

நான் இறங்கி வாருங்கள் என்றேன். அவர் வரவில்லை. "தண்ட விட்டுத் தள்ளித்தான் நிக்கேன். போடுதேன், பாருங்க" என்றார். சுவிட்ச் போட்டது திரையில் ஒரு வரியாக வந்தது. பங்க்ஷன் கூப்பிடப்பட்டது, புது முகவரியில் இருந்தது, தட்டிப் பார்த்தது, திரும்பியது. பிரேக் பிடித்திருக்கிறது. அணைக்கச் சொன்னேன். மெமரியை நிரப்பினேன். மறுபடி போட்டார். பிடித்திருக்கிறது. மறுபடி. ஒவ்வொரு தடவையும் அவர் பிடிச்சிருக்கு என்று மட்டும் சொன்னார், கடைசியில் அந்தச் சொல்லும் தேய்ந்து, இருக்கு, இருக்கு, என்றது. வேலை செய்கிறது. நான் எழுதிய எதுவும் இத்தனை சரியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை, சந்தோஷத்தின் ஒரு துளிகூட இல்லை. ஓர் அடையாளத்தை அழித்து ஒரு எல்லையை நகர்த்தியதுதான் மொத்தத் திருத்தமும். சித்திரையில் ஒருவர் அந்த ஒரு வரி எச்சரிக்கையில் நின்றிருந்தால். யார் நின்றிருக்க வேண்டும் என்று இனி தேடுவார்கள். போன் அதிர்ந்தது, ரகுராமன் சார். சைட் ஆபீஸ் அதற்குள் பேசிவிட்டது. எடுத்தேன். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க" என்றார். கோபமா பயமா தெரியவில்லை. "சொல்லிட்டேன் சார்" என்றேன். "ரிப்போர்ட்லயும் அதையே எழுதி விசாரணை அதிகாரிக்கும் சேத்து அனுப்பறேன்." "நீங்க இனி ஆபீஸுக்கு வர வேண்டாம்" என்றார். பிறகு வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். நானும் வைக்கவில்லை. ரத்தம் கொடுத்த கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர். கடைசியில் அவர்தான் வைத்தார். நான் வாளியில் உட்கார்ந்தபடியே எழுதினேன், காரணம், எந்தக் கெர்னலிலிருந்து, எந்தச் செக்‌ஷன், எப்படி மறுபடி நிகழ்த்துவது. சம்பவ நாளன்று பின் செருகும் வேளையில் பிரேக் விடுபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற வரியில் விரல் நின்றது. மேலே ஏணிச் சத்தம் தொடங்கியது. அது கீழே வந்து சேர்வதற்குள் அனுப்பிவிட்டேன்.

அண்ணன் இறங்கி, பெல்ட்டைக் கழற்றாமல், சுவரில் செல்வின் எழுதியிருந்ததைப் பார்த்தார். அவருடைய கை முழுக்கக் கிரீஸ். "அவனுக்க வீடு பக்கந்தான். வாறேளா?" என்றார். அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது, அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓட்டினார். இரண்டு பக்கமும் காற்றாலைகள், எதையும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அவருடைய சட்டை முதுகில் உப்புப் பூத்த கறையையே பார்த்துக்கொண்டு போனேன். என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது. லிங்கர் என்று தொடங்குவதா. மன்னிச்சுக்கோங்க என்று தொடங்கினால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வாள். செய்தி எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. வாசலில் இரண்டு டெக்னீஷியன்கள் ஹெல்மெட்டோடு நின்றார்கள், எங்களைக் கண்டதும் விலகினார்கள். அஜிதா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்த அதே பச்சைச் சுடிதார். "சொன்னாவ" என்றாள். "நீங்க ஒரு மட்டம் சொல்லுங்க."

சொன்னேன். செக்‌ஷன், முகவரி, ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பெட்டியில் தப்பு, அவர் முறைப்படி நிறுத்தினார், முறைப்படி பின்னைக் கையில் எடுத்தார், அதற்குள் பிரேக் விட்டது, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதி அனுப்பிவிட்டேன், விசாரணையை மறுபடி திறப்பார்கள். அவள் மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். தாணு அண்ணன் முற்றத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, "நானும் தப்பா நினைச்சிட்டேன் பிள்ளே" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் ஏதாவது இளகும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன், பைக்கில் வரும் வழியெல்லாம் அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ எல்லாம் சரியாத்தான் செஞ்சாவ" என்றாள்.

"ஆமாங்க."

"சரியாச் செஞ்சும் போயிட்டாவ."

அவள் கையிலிருந்து ஒரு சின்னத் துண்டு நழுவி விழுந்தது, காற்று அதை முற்றத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போயிற்று, யாரும் எடுக்கவில்லை. "ஒரு மாசமா அவியளத் திட்டிக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சதுல இருந்து படுக்கது வரைக்கும். ஒரு பின்னப் போட முடியலியா, எங்கள நெனச்சியான்னு. திட்டத் திட்டக் கூட இருக்க மாதிரி இருந்துச்சு." அவள் என்னை நேராகப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் இல்லை. "இனி நான் யாரத் திட்ட?"

என்னைத் திட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பி, மீதித் துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.